இடது கண்ணின் வெள்ளை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் ஆனைக்குட்டி மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதே, இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகிப் பதினெட்டு நாள்தான் ஆகிறது, கண்ணாடி இன்னும் வரவில்லை, ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் எழுதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் இதை நாலு நாளாகத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சொட்டு மருந்து விடுவது உன் அப்பா வேலை. நிலம் அளக்கிற உத்தியோகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்த மனுஷனிடம் ஒரு சொட்டு என்று சொன்னால் ஒரே சொட்டுதான், கன்னத்தில் கொஞ்சம் வழிந்தால்கூட என்னைத்தான் முறைக்கிறார், நான் இமைத்துவிட்டேனாம். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதோடு இந்த உறைக்குள் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன், அதைப் போனில் அனுப்ப முடியாது. கடிதத்தை முழுக்கப் படிக்கும்வரை அதை எடுத்துப் பார்க்காதே. இந்நேரம் எடுத்துப் பார்த்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா, பரவாயில்லை, திரும்ப உள்ளே வை.

மழைக்காலம் முடிந்ததும் ஹால் சுவரில் தண்ணீர் இறங்கிய கறையைப் பார்த்து உன் அப்பா, இந்த வருஷம் வெள்ளையடித்தே ஆக வேண்டும் என்று சொன்னார், அது உனக்குத் தெரியும். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பின வருஷம் அவரே கடையில் போய் எடுத்து வந்து அடித்த பளிச் வெள்ளைதான் இந்த எட்டு வருஷமாக வீடு முழுக்க இருந்தது. எனக்கு அந்த நேரத்தில்தான் வலது கண் ஆபரேஷன். கட்டைப் பிரித்த அன்றைக்கு நான் பார்த்த கூத்தையெல்லாம் போனில் உன்னிடம் சொல்லி நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோமே, அடுப்புக்குப் பின்னால் இருந்த பிசுக்கு, உன் அப்பா முகத்தில் இத்தனை சுருக்கம், கண்ணாடியில் யாரோ ஒரு கிழவி நிற்கிறாள் என்று நான் ஒதுங்கி வழிவிட்டது. எல்லாம் சொன்னேன், ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம், மூன்றரை நான்கு மணி இருக்கும், ஹாலில் ஜன்னலுக்கு எதிரே என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து சுவரில் விழுந்திருந்தது. சும்மா விளையாட்டாக வலது கண்ணைக் கையால் மூடினேன். நான் எப்போதும் பார்க்கிற சுவர். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஏடு படியுமே, அந்த நிறம். கையை மாற்றி இடது கண்ணை மூடினேன். சுவர் நீலம் பாரித்து வெளிறிக் கிடந்தது. வெயில் விழுந்த இடம்கூட குளிர்ந்துபோன மாதிரி இருந்தது. திரும்ப மாற்றினேன், ஏடு. திரும்ப மாற்றினேன், வெளிறல். எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது, வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து, தரையிலிருந்தும் போய்விட்டது, நான் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போய்ப் போய் வந்துகொண்டே இருந்தேன். எழுந்திருக்கவே மனசில்லை.

அப்போதுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். நாலு வருஷத்துக்கு முன்னால் பத்து நாள் லீவில் வந்திருந்தாயே, வந்த இரண்டாம் நாள் இதே ஹாலில் நின்றுகொண்டு, "ஏம்மா வீடு இப்படி வெளிறிப்போய்க் கெடக்கு, ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி, உங்களுக்கு வெறிச்சுன்னு இல்லையா" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிற வீட்டை, தங்கமாகத் தெரிகிற வீட்டை, இவள் வெளியூரில் நாலு காசு பார்த்துவிட்டு மட்டம் தட்டுகிறாள் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். உனக்குக் கண் தலைக்கு மேல் போய்விட்டது என்று சொன்னேன். இரண்டு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பேசினோம், சிரித்தோம், நீ ஊருக்குப் போனாய், ஞாயிறு தோறும் போன் செய்கிறாய், எல்லாம் சரி, ஆனால் நாலு வருஷமாக நீ வரவில்லை. லீவு இல்லை என்கிறாய், நானும் சரி என்கிறேன். நீ ஒவ்வொரு தடவையும், வெறிச்சுன்னு இல்லையாம்மா என்று கேட்பதும், நான், அதெல்லாம் இல்லடி, வீடு நல்லாத்தான் இருக்கு என்று சொல்வதும், நீ நம்பாமல் உம் கொட்டுவதும் வழக்கமாகிவிட்டது. நான் உன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று பொய் சொல்கிறேன் என்றுதானே நினைத்தாய். நான் பொய் சொல்லவில்லை, சிட்டு. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

டாக்டரிடம் கேட்டேன். அவர் ரொம்பப் பொறுமையானவர். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயசானால் பழுப்பேறிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் யாருக்கும் தெரியாது, உங்களுக்கு ஏழெட்டு வருஷமாக ஏறியிருக்கும், இடது கண்ணும் மூன்று வாரத்தில் செய்துவிட்டால் இந்தத் தொந்தரவு இருக்காது என்று சொன்னார். ஏழெட்டு வருஷம் என்றதும் எனக்குத் திக்கென்றது. நீ போனபோது ஆரம்பித்த நிறம். ஒவ்வொரு நாளும் ஒரு துளியாக எனக்கே தெரியாமல் வீட்டுக்குள் வந்திருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பார்வை வேண்டும்தான், யார் வேண்டாம் என்றது, ஆனால் அந்தச் சுவர் போய்விட்டால் நான் இத்தனை நாள் எங்கே இருந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியாதே. உனக்கும் காட்ட முடியாது. நீ சொன்னதுதான் சரி, அம்மா கண் கெட்டுப்போய்ப் பேசினாள் என்று ஆகிவிடும். அதனால் அடிக்கிறது அடிக்கிறோம், இடது கண் பார்க்கிற வெள்ளையையே அடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். உன் அப்பாவிடம் சொன்னபோது செய்தித்தாளை இறக்காமலே, "வெள்ளைன்னா வெள்ளைதானே" என்றார்.

பெயிண்ட் கடைக்குப் போனால் வெள்ளையிலேயே நாற்பத்தெட்டு இருக்கிறது. தந்தம், முத்து, பாதாம், கிரீம், மணல், பஞ்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எல்லாம் ஒன்றுதான், தள்ளி வைத்தால் எல்லாம் வேறுதான். கலர் கலக்குகிற மெஷினில் ஒரு பெண் இருக்கிறாள், வெடுக் வெடுக்கென்று பேசுவாள், நல்ல மனசு. நான் அவளிடம் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன், முப்பது வருஷம் தையல் தைத்தவள், துணி நிறத்துக்குப் பொருத்தமாக நூல் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை, நீ பேசாமல் கார்டை மட்டும் கொடு என்று. நாற்பத்தெட்டு வெள்ளையும் அச்சடித்த அந்த ஷேட் கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இடது கண்ணால் சுவரோடு வைத்து வைத்துப் பார்த்து, இதுதான் என்று ஒன்றை எடுத்தேன். துளிகூட வித்தியாசம் இல்லை, அச்சு அசல். ஒரு லிட்டர் வாங்கி வந்தோம். பெயிண்டரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் நாம் சமையலை முடித்துவிடலாம். அவர் வந்து ஒரு கதவு அகலத்துக்கு அடித்துவிட்டுப் போனார். மறுநாள் காய்ந்ததும் வந்து பார்த்தால் அடித்த இடம் எது, அடிக்காத இடம் எது என்று அவருக்கும் தெரியவில்லை, டேப் வைத்து அளந்த உன் அப்பாவுக்கும் தெரியவில்லை. நான் வலது கண்ணைத் திறந்து பார்த்தேன். அதே வெளிறல்! மெஷின்காரப் பெண் கேட்டுவிட்டு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். "அம்மா, உங்க சுவத்துல இருந்த கலரையே திரும்ப வாங்கிட்டுப் போயிருக்கீங்க" என்றாள். பின்னே, பழுப்பேறிய கண்ணில் சுவரும் பழுப்பு, கார்டும் அதே பழுப்பு, எது சுவர் மாதிரி இருக்கிறதோ அது சுவராகத்தானே இருக்கும். முப்பது வருஷம் நூல் எடுத்த மூளைக்கு இது உறைக்கவில்லை.

சிரித்தபடியே அவள் இன்னொன்றும் சொன்னாள். போன வருஷம் அவள் பையனுக்கு ஸ்கூல் சட்டை தைக்க என்னிடம்தான் கொடுத்தாளாம். வெள்ளைச் சட்டைக்கு நான் கிரீம் நூல் போட்டுத் தைத்திருந்தேனாம். திருப்பிக் கொண்டுவந்து காட்டியதற்கு, உனக்குக் கண் சரியில்லை, போய் டாக்டரைப் பார் என்று நான் சத்தம் போட்டு அனுப்பினேனாம். எனக்கு எங்கே கொண்டு முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் அவள் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை, அன்னைக்குப் பேசாம வீட்டுக்குப் போயிட்டேன், இன்னைக்கு நியாயம் கேக்காம விடமாட்டேன் என்று கிண்டல் செய்து டீ வரவழைத்துக் கொடுத்தாள். திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்தச் சட்டையும் நீயுமாகவே மனசில் ஓடியது.

வழி கண்டுபிடித்தது நிதானம்தான். டீ டம்ளரைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அக்கா, ரெண்டு கண்ணுக்கும் ஒரே வேலையைக் குடுக்காதீங்க, பழைய கண்ணு சுவத்தைப் பாக்கட்டும், புதுக் கண்ணு பெயிண்டைப் பாக்கட்டும்" என்றார். காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேராகச் செங்குத்தாக நிறுத்தினார். அட்டைக்கு இந்தப் பக்கம் இடது கண்ணுக்குப் பழைய சுவர், அந்தப் பக்கம் வலது கண்ணுக்குப் புதுப் பெயிண்ட் பூசின பலகை. இரண்டு கண்ணும் நடுவில் சுவர் எழுப்பிய அண்ணன் தம்பி மாதிரி தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உன் அப்பாவுக்கு அப்போதுதான் இந்த வேலையில் பிடிப்பு வந்தது. பலகையை ஒரு அடிக்கு ஒரு அடி என்று கச்சிதமாக வெட்டி, பின்னால் பென்சிலால் நம்பர் போட்டு, நான் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஒன்றில் மஞ்சள் தூக்கல், முட்டைக்கரு மாதிரி. நாலில் சிவப்பு ஒரு துளி கூடி, பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை மாதிரி ஆகிவிட்டது. ஏழில் கறுப்பு ஒரு சொட்டு விட்டதும் கொஞ்சம் அடங்கியது, ஆனால் அழுக்குத் துணி மாதிரி. மெஷின்காரப் பெண் கடை சாத்திவிட்டுப் போகும் வழியில் அவளே டப்பாவைக் கொண்டுவந்து கொடுப்பாள். எல்லாவற்றையும் சாயங்காலம் மூன்றரையிலிருந்து நாலேகாலுக்குள்தான் பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியது அந்த வெயிலில் இருக்கிற சுவர். நாள் பூராவும் அந்த முக்கால் மணி நேரத்துக்காகக் காத்திருப்பேன். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். தூசி மெதுவாக வெயிலில் ஏறி இறங்கும். அட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தால் சுவர் கொஞ்சம் தள்ளிப் போவதும் கிட்டே வருவதுமாக இருக்கும், நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும், நீ உள்ளறையில் துணி மடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பது போலக்கூடக் கேட்கும்.

இப்படிப் பதினோராவது பலகை போய்க்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். டாக்டர் வெளியூர் போகிறாராம், ஆபரேஷனை ஒரு வாரம் முன்னால் தள்ளியிருக்கிறார்களாம், நாளன்றைக்குக் காலையில் வந்துவிட வேண்டுமாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பன்னிரண்டும் சரியில்லை. பதிமூன்று கிட்ட வந்தது, ஆனால் ஒரு சின்னச் சூடு குறைவு. கடைசி நாள் சாயங்காலம் பதினாலாவது பலகையை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறோம், வெளியே ஒரே மேகம். மூன்றரை ஆயிற்று, நாலு ஆயிற்று, வெயிலைக் காணோம். உன் அப்பா வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தார். நிதானம் அன்றைக்கு டீயை ஒரே மடக்கில் குடித்தார், அதை வைத்தே அவர் எவ்வளவு பதட்டப்பட்டார் என்று புரிந்துகொள். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு வெயில் வந்தது. ஒரு நாலு நிமிஷம் இருந்திருக்குமா? அட்டையை நிறுத்தினேன். இந்தப் பக்கம் என் சுவர், அந்தப் பக்கம் பலகை. நடுவில் இருந்த அட்டை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, இரண்டு பக்கமும் ஒரே வெள்ளையாக, ஒரே சூடாக இருந்தது. இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. உன் அப்பா பயந்துபோய், பிடிக்கலையா பிடிக்கலையா என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார். பதினாலு என்று மட்டும் சொன்னேன். பிறகு வெயில் போனபின்னும் கொஞ்ச நேரம் இடது கண்ணால் மட்டும் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன், சமையலறை, உன் அறை, ஜன்னல் கம்பி, உன் அப்பா. சுருக்கம் எதுவும் இல்லாமல் நன்றாகத்தான் இருந்தார்.

ஆபரேஷன் முடிந்து, நிதானம் பெயிண்ட் அடித்து வாசனை போகும்வரை மூன்று நாள் உன் அத்தை வீட்டில் இருந்தேன். அத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள், ஓயாமல் பேசினாள், அது உனக்குத் தெரிந்ததுதான். கட்டைப் பிரித்து அவள் வீட்டைப் பார்த்தால் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி வெள்ளை, வானம் அப்படி ஒரு நீலம், ஆனால் எனக்கு நினைப்பெல்லாம் நம் ஹாலில்தான். நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகக் கால் வரவில்லை. நாலு நிமிஷ வெயிலில் எடுத்த முடிவு, தப்பாகிவிட்டால் திரும்பச் சரிபார்க்க அந்தக் கண் இல்லை. பிறகு போனேன். சிட்டு, அப்படியே இருந்தது. வெயில் ஜன்னலிலிருந்து சாய்ந்து விழுந்து, காய்ச்சிய பாலின் ஏடாகச் சுவர் முழுக்க நின்றது. ஒரு கண்ணை மூடினேன், அதே. இன்னொன்றை மூடினேன், அதே. போய்ப் போய் வர வேண்டிய வேலையே இல்லை.

உன் அப்பா ஹால் நடுவில் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் அளக்காமல் நின்றுகொண்டிருந்தார். பெயிண்ட் அடித்து முடித்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறார் என்று நிதானம் சொன்னார். என்னைப் பார்த்ததும், "நீ இதையா பாத்துக்கிட்டு இருந்த?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டேப்பைச் சுருட்டி ஜன்னலில் வைத்தார். பிறகு, "எட்டு வருஷமா நான் மட்டுந்தான் அந்த வீட்டுல இருந்திருக்கேன்" என்றார். நல்ல கண்ணோடு அந்த வெளிறலை அவர்தானே தினமும் பார்த்திருக்கிறார், அதுவும் அவரே எடுத்து வந்து அடித்த வெள்ளை. சாயங்காலம் ஆனால் காற்று வாங்குகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு இருட்டினபிறகுதான் வருவார், ஊர் வம்பு பேசப் போகிறார் என்று நான் எத்தனை நாள் கடிந்திருக்கிறேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ நல்லா இருக்கு நல்லா இருக்குன்னே சொல்லிக்கிட்டு இருந்த, எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். இப்போதெல்லாம் சாயங்காலம் அவர் எங்கேயும் போவதில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூன்றரை மணிக்கு என்னைவிட முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

அதனால் சொல்கிறேன், அன்றைக்கு நீ சொன்னது சரிதான். வீடு வெளிறித்தான் கிடந்தது. நான் உன்னைப் பேசியது தப்பு, அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் நான் பார்த்ததும் பொய் இல்லை. உறைக்குள் இருக்கிற அட்டையை இப்போது எடு. அது பதினாலாம் நம்பர், நிதானம் இரண்டு கோட் அடித்துக் காயவைத்துக் கொடுத்தது, பின்னால் கலக்கிற கணக்கை மெஷின்காரப் பெண் எழுதியிருக்கிறாள். டியூப்லைட்டில் பார்க்காதே, ஒன்றும் தெரியாது. லீவு நாளில் சாயங்காலம் ஜன்னல் பக்கத்தில் வெயில் படுகிற இடத்தில் சாய்த்து வைத்து, நீயும் எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் பார். நீ இல்லாத எட்டு வருஷமும் நான் அதற்குள்தான் இருந்தேன். இனி வெறிச்சுன்னு இல்லையா என்று கேட்க வேண்டுமானால் இங்கே வந்து, சுவர் முன்னால் நின்று கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலையைத் துவட்டாமல் வெளியே ஓடாதே. நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்க்கிறவள், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டு, இதை மட்டும் மறக்காதே, நம் பரம்பரையில் எல்லோரும் தங்கள் கண் சரி, அடுத்தவள் கண்தான் சரியில்லை என்று நினைக்கிறவர்கள். எந்த வீட்டில் இருந்தாலும் உனக்கு மனசு நிறைந்திருக்க வேண்டும், ஒரு குறையும் உன்னைத் தொடக் கூடாது, நீண்ட ஆயுசோடு நன்றாக இரு என்று வாழ்த்துகிறேன். கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லி உன் அப்பா நிற்கிறார். போனைக் கொடுத்தாலே நல்லா இருக்கேன், இந்தா அம்மாகிட்ட பேசு என்று தள்ளிவிடுகிறவர், என்ன எழுதப் போகிறாரோ தெரியவில்லை.

உன் அன்பு அம்மா

சிட்டு, அம்மா உன்னிடம் பொய் சொன்னதில்லை. நல்லா இருக்கேன் என்று நான் சொன்னதுதான் பொய். இப்போது நிஜமாகவே நன்றாக இருக்கிறேன். உன் அறை நாலு சுவரும் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடி, அதற்கு வேண்டிய பதினாலாம் நம்பர் டப்பாவை வாங்கி வைத்துவிட்டேன். இன்னும் திறக்கவில்லை. நீ வந்ததும் சேர்ந்து அடிக்கலாம்.

அப்பா